அறுபதுக்குப் பின் ஒரு சரளி வரிசை

மாலைத் தீபாராதனை முடிந்து ஓதுவார் பதிகம் பாடும் வேளையில், சந்நிதியில் நிற்கும் மூத்தோரின் உதடுகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். பலருக்கு அப்பதிகம் மனப்பாடம். உதடுகள் அசைகின்றன, குரல் மட்டும் வெளிவருவதில்லை. ‘நமக்கு எங்கே பாட்டு வரும்?’ என்ற கூச்சம் ஐம்பது ஆண்டுகளாகத் தொண்டையில் நின்றுவிட்டது. அலுவலகப் பணியும் குடும்பக் கடமையும் ஒருவாறு நிறைவேறிய பின்னர், அக்கூச்சத்தை விலக்கி, தனியாக ஓர் ஆசிரியரிடம் அமர்ந்து பாட்டுக் கற்க விரும்புவோர் இன்று ஊர்தோறும் இருக்கின்றனர். அவ்வகுப்பில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதை முன்னரே அறிந்திருப்பின், மூன்றாம் மாதத்தில் மனம் சோர்ந்து நிறுத்திவிடும் நிலை பெரும்பாலும் நேராது.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்ற பழமொழியைச் சொல்லி வீட்டாரே சிரிப்பதுண்டு. அவர்களுக்கு விடை பெரியபுராணத்தில் இருக்கிறது. சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதில் பாடத் தொடங்கியவர் திருஞானசம்பந்தர். திருநாவுக்கரசரோ சமண நெறியில் பல்லாண்டுகள் கழித்து, சூலைநோயால் வருந்தி, தமக்கையார் திலகவதியாரிடம் மீண்டு வந்த பின்னரே திருவதிகை வீரட்டானத்தில் தம் முதற்பதிகத்தைப் பாடினார். அவர் எண்பத்தோர் ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. மூன்று வயதிற் பாடியவர்தாம், காலந்தாழ்த்திப் பாடியவரை ‘அப்பரே’ என்று அழைத்தார். இருவர் பாடலும் திருமுறையில் அடுத்தடுத்தே வைத்துப் போற்றப்படுகின்றன. இறைவன் திருமுன் பாடுவதற்கு வயது ஒரு தடையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நோக்கம் தெளிவாக இருக்கட்டும்

ஆசிரியரைத் தேடிச் செல்லுமுன், எதற்காகக் கற்க விரும்புகிறோம் என்பதைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளுதல் நலம். வீட்டுப் பூஜையில் நான்கு பாடல்களைச் சுருதி விலகாமல் பாட வேண்டும் என்பது ஒருவர் விருப்பம். கோயில் பஜனைக் குழுவில் பிறரோடு இணைந்து பாட வேண்டும் என்பது மற்றொருவர் விருப்பம். இளமையில் கிடைக்காத சங்கீதத்தை அடிப்படையிலிருந்து முறையாகப் பயில வேண்டும் என்பது இன்னொருவர் விருப்பம். இம்மூன்றிற்கும் ஆசிரியரும் வேறுபடலாம்; பாடமுறையும் வேறுபடும்.

தேவாரத்தைப் பண்ணோடு பாட விரும்புவோர், பயிற்சி பெற்ற ஓதுவாரை நாடுவதே சிறப்பு. தக்கராகம் இன்று காம்போஜியாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும், கௌசிகம் பைரவியாகவும் பாடப்படுகின்றன. எந்தப் பதிகம் எந்தப் பண், எங்கே சொல்லைப் பிரிக்கலாம், எங்கே பிரிக்கலாகாது என்பவற்றை அம்மரபில் வந்தவரே ஐயமின்றிச் சொல்லித் தருவார். கீர்த்தனைகள் பாட விரும்புவோர்க்குக் கர்நாடக இசை ஆசிரியரே உரியவர். திருப்புகழை விரும்புவோர், அதன் சந்தத்தையும் தாளத்தையும் அறிந்தவரைத் தேட வேண்டும். நோக்கம் எதுவாயினும் முதல் நாளே ஆசிரியரிடம் வெளிப்படையாகக் கூறிவிடுதல் இருவர்க்கும் நன்று.

முதல் வகுப்பில் நடப்பது என்ன?

முதல் நாளில் பெரும்பாலான ஆசிரியர்கள், ‘உங்களுக்குத் தெரிந்த ஏதேனும் ஒன்றைப் பாடுங்கள்’ என்பார்கள். இது தேர்வு அன்று. குரல் எந்த இடத்தில் இயல்பாக நிற்கிறது என்று அறிவதற்கான வழி. அதன் பின்னர்ச் சுருதிப் பெட்டியை இயக்கி, ஒவ்வொரு கட்டையாக வைத்துப் பார்த்து, கற்போருக்குரிய சுருதியைத் தீர்மானிப்பார்கள். பொதுவாக ஆண்கள் ஒன்று முதல் இரண்டு கட்டை வரையிலும், பெண்கள் ஐந்து முதல் ஆறு கட்டை வரையிலும் பாடுவர் என்பது வழக்கு. ஆயினும் முதுமையில் இக்கணக்கு மாறும். குரல்நாண்கள் மெலிவதாலும், குரல்வளையின் குருத்தெலும்புகள் இறுகுவதாலும், மூச்சின் அளவு குறைவதாலும் குரலின் எல்லை சுருங்குகிறது. பெண்களின் குரல் சற்றே தாழ்வதும், ஆண்களின் குரல் சற்றே உயர்வதும் இயற்கை.

இங்கே ஒரு மனத்துயர் நேர்வதுண்டு. பன்னிரண்டு வயதில் கீதம் வரை கற்று, திருமணத்தோடு பாட்டை நிறுத்திவிட்ட பெண்மணிகள் பல இல்லங்களில் இருக்கின்றனர். புகுந்த வீட்டில் யாரும் ‘பாடாதே’ என்று தடுத்திருக்க மாட்டார்கள்; ‘பாடு’ என்று ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவே. அத்தகைய அம்மையார் ஒருவர், அறுபத்தேழு வயதில், கணவர் மறைந்த பின்னர் மீண்டும் பாட்டு வகுப்பில் அமர்கிறார் எனக் கொள்வோம். சிறுமியாய்ப் பாடிய ஐந்தரைக் கட்டை அவர் நினைவில் இருக்கிறது. மேல் ஷட்ஜத்தைத் தொட முயலும்போது குரல் உடைகிறது. ஆசிரியை சுருதியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்து நான்கு கட்டையில் நிறுத்துகிறார். அப்போது அந்த அம்மையாரின் கண்கள் கலங்கினால், அதற்குக் காரணம் அந்த ஒன்றரைக் கட்டை மாத்திரம் அன்று. இடையில் போன ஐம்பத்தைந்து ஆண்டுகளும் அந்தக் கணத்தில் எதிரே வந்து நிற்கின்றன.

நல்லாசிரியர் அந்நேரத்தில் அவசரப்பட மாட்டார். கற்போரும் அதனைத் தோல்வியாகக் கொள்ள வேண்டுவதில்லை. இன்று இறைவன் அளித்திருக்கும் குரல் எதுவோ, அதிலேதான் இன்றைய பாட்டு அமைய முடியும். புகழ்பெற்ற பாடகர்களின் இசைத்தட்டுச் சுருதியையோ, பழைய நினைவிலுள்ள சுருதியையோ எட்டிப்பிடிக்க முயல்வது குரலுக்குக் கேடு. சரியான சுருதி அமைந்தவுடன், உடைந்த குரலென எண்ணியது ஓரளவு நிலைபெறுவதைக் கற்போர் தாமே உணர்வர்.

ஏன் சரளி வரிசை?

‘பாட்டுக் கற்க வந்தால் ஸரிகமபதநி மட்டுமே பல வாரங்கள் நடக்கிறதே’ என்பது மூத்தோர் பலரின் முதற்குறை. இதற்கு விடை தெரிந்திருந்தால் பொறுமை பிறக்கும். கர்நாடக இசையின் பிதாமகர் எனப் போற்றப்படும் புரந்தரதாசர் (1484–1564), தொடக்கப் பாடங்களை மாயாமாளவகௌளை ராகத்தில் வகுத்தார் என்பது மரபு. மேளகர்த்தா வரிசையில் பதினைந்தாவதான இந்த ராகத்தில், கீழ்ப்பாதியாகிய ஸரிகம எவ்வாறு அமைந்துள்ளதோ, அவ்வாறே மேற்பாதியாகிய பதநிஸ அமைந்திருக்கிறது. ஒரு பாதியைக் குரல் பிடித்துக்கொண்டால் மறுபாதி எளிதாகும். ஸ்வரங்களுக்கிடையே மிக நெருங்கிய இடைவெளியும் உண்டு. அகன்ற இடைவெளியும் உண்டு. ஆதலால் செவிக்கும் குரலுக்கும் இரண்டு பயிற்சியும் ஒருங்கே கிடைக்கின்றன. முத்துஸ்வாமி தீட்சிதர் திருத்தணியில் முருகன் அருள்பெற்று இயற்றிய முதற்கீர்த்தனையும் இதே ராகத்தில் அமைந்ததுதான். தொடக்கநிலை ராகமென்று இதனை எளிதாக எண்ணலாகாது.

சரளி வரிசைக்குப் பின் ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, ஏழு தாளங்களுக்குரிய ஏழு அலங்காரங்கள், பின்னர்க் கீதங்கள் என்பது பாட ஒழுங்கு. முதற்கீதம் பெரும்பாலும் மலஹரி ராகத்தில் விநாயகர்மீது அமைந்ததாக இருக்கும். இவற்றோடு தாளமும் உடன்வரும். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பின்னர்த் தட்டும் வீச்சும் இருமுறை என எட்டு அட்சரங்கள். கையில் மூட்டுவலி உள்ளவர்கள் தொடையில் மெல்லத் தட்டினாலே போதும்.

குழந்தைக்குரிய ஒழுங்கை மூத்தோர்க்கு அப்படியே பின்பற்ற வேண்டுமா என்ற வினா எழும். சங்கீதத்தை முறையாகப் பயில விரும்புவோர்க்கு அடிப்படை அனைத்தும் வேண்டியதே. பூஜையில் பாடுவதே நோக்கமெனில், வகுப்பின் முற்பகுதியில் ஸ்வரப் பயிற்சியும், பிற்பகுதியில் ஒரு நாமாவளியோ எளிய பாடலோ கற்பிக்குமாறு ஆசிரியரிடம் வேண்டிக்கொள்ளலாம். பலர் இதற்கு இசைவர். ஸ்வரப் பயிற்சியை அறவே விலக்கிவிட்டுப் பாடல்களை மட்டும் கேட்டுக் கேட்டுக் கற்றால், பத்துப் பாடல்கள் வரும். பதினோராவதைத் தாமாகப் பாட வராது.

மூத்தோர்க்கு உள்ள பலமும் குறையும்

அறுபது வயதில் கற்போரிடம் சிறுவர்களிடம் இல்லாத ஒரு செல்வம் இருக்கிறது. கோயில் நாகஸ்வரமும், வானொலிக் கச்சேரியும், மார்கழி பஜனையும் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக அவர்கள் செவியில் நிறைந்துள்ளன. ராகத்தின் பெயர் தெரியாவிடினும் அதன் சாயல் தெரியும். பாடலின் பொருளும் தெரியும்; அதனால் பாவம் தானே வரும்.

குறையும் அங்கிருந்தே பிறக்கிறது. பல்லாண்டுகளாகத் தாமே முணுமுணுத்துப் பழகிய பாடலில் ஒரு பிழை படிந்திருந்தால் அதை நீக்குவது, புதிய பாடலைக் கற்பதினும் கடினம். ஆகவே, முதலில் நன்கு தெரிந்த பாடலைத் திருத்திக்கொள்ள விரும்பாமல், தெரியாத ஒரு பாடலைக் கற்கத் தொடங்குவது புத்திசாலித்தனம். மூச்சுக் குறைவதால் நீண்ட அடியைப் பாதியில் விட நேரும். அதற்கு நாண வேண்டாம். எவ்விடத்தில் மூச்சு வாங்கினால் சொற்பொருள் சிதையாது என்பதை ஆசிரியரிடம் கேட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு இட்டுக்கொள்ளலாம். திருப்புகழின் விரைந்த சந்தங்கள் மூச்சையும் நாவையும் மிகவும் சோதிப்பவை. அவற்றைச் சில மாதங்கள் கழித்துத் தொடங்குவது நல்லது. புதிதாகப் பல்செட் அணிந்தோர்க்கு வல்லின உச்சரிப்புப் பழகச் சில வாரங்கள் ஆகும். தெலுங்கு, வடமொழிப் பாடல்களைத் தமிழில் எழுதிக்கொள்வோர், க, ச, ட, த, ப என்னும் எழுத்துகளின் மேல் 1, 2, 3, 4 என எண்ணிட்டு எழுதும் வழக்கத்தைப் பின்பற்றினால் உச்சரிப்புப் பிழை குறையும்.

செவிக்கருவி அணிவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அக்கருவி பேச்சைத் தெளிவாக்கவே பெரும்பாலும் அமைக்கப்படுகிறது. அதன்வழி கேட்கும் இசை சில வேளைகளில் திரிந்து ஒலிக்கும். செவித்திறன் நிபுணரிடம் கூறினால், இசைக்கெனத் தனி அமைப்பைப் பல கருவிகளில் செய்து தர இயலும்.

ஆசிரியர் வயதில் இளையவராயின்

இன்றைய ஆசிரியர்களுள் பலர், கற்க வருவோரின் பேத்தி வயதினர். ‘ரிஷபம் ஏறிவிட்டது, மறுபடியும் பாடுங்கள்’ என்று இருபத்தைந்து வயதுப் பெண் திருத்தும்போது, ஒருகாலத்தில் நூறு பேருக்கு ஆணையிட்டவர்க்கு மனம் சுருங்குவது இயல்பே. சுவாமிமலைக்குச் சென்று வந்தோர் அங்கே நினைத்துப் பார்த்திருப்பர்: மைந்தன் குருவாக அமர, தந்தையாகிய சிவபெருமானே சீடராய் நின்று பிரணவப் பொருள் கேட்ட தலம் அது. கற்கும் அந்த நாற்பத்தைந்து நிமிடங்களில் வயதும் பதவியும் வாசலில் இருக்கட்டும்.

அதேவேளையில், கண்டிப்பு வேறு; அவமதிப்பு வேறு. பிழையைச் சுட்டுபவர் நல்லாசிரியர். வயதைச் சுட்டிச் சிரிப்பவரிடம் தொடர வேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. பிழை இருந்தும் ‘பிரமாதம், பிரமாதம்’ என்றே ஒவ்வொரு நாளும் புகழ்பவரிடமும் விழிப்பு வேண்டும். மூன்று மாதத்தில் மேடையேற்றுகிறேன், அதற்குத் தனித்தொகை தாருங்கள் என்று கேட்போரிடம் பணிவாக விடைபெற்றுக்கொள்ளலாம்.

கட்டணமும் நேரமும்

வாரம் ஒருமுறையோ இருமுறையோ, முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் வரை அமைவது மூத்தோர்க்கு ஏற்றது. ஒரு மணி நேரம் தொடர்ந்து பாடினால் குரல் களைத்துவிடும். கட்டணம் மாதத்திற்கா, வகுப்பிற்கா. ஆசிரியர் வர இயலாத நாளுக்கு மாற்று வகுப்பு உண்டா. மார்கழியில் ஆசிரியர்க்குக் கச்சேரிகள் இருந்தால் வகுப்புகள் என்னாகும். கற்போர் பிள்ளைகளைக் காண வெளியூர் சென்றால் அம்மாதக் கட்டணம் எப்படி என்பவற்றை முதல் மாதத்திலேயே பேசிக்கொள்வது இருவர் மனத்தையும் காக்கும். ஓராண்டுத் தொகையை முன்பணமாகச் செலுத்துவதைத் தவிர்த்து, மாதந்தோறும் செலுத்துவதே உகந்தது. ஓய்வூதியத்தில் வாழ்வோர், மூன்று மாதக் கட்டணத்தை ஒதுக்கி வைத்து, அக்காலத்திற்குள் தமக்கும் ஆசிரியர்க்கும் பொருந்துகிறதா என்று பார்த்துத் தொடரலாம். குருதட்சிணை என்பது கணக்குக்கு அப்பாற்பட்டது; ஆயினும் கணக்குத் தெளிவாக இருந்தால்தான் மரியாதை நிலைக்கும்.

கைப்பேசி வழியாகக் கற்போர்க்கு ஒரு குறிப்பு. இணையத்தில் ஒலி வந்து சேரச் சிறு தாமதம் உண்டாதலால், ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து பாட இயலாது. ஆசிரியர் ஓரடி பாட, மாணவர் திரும்பப் பாட வேண்டும். தம் பக்கத்தில் தமக்கென ஒரு சுருதி ஒலித்துக்கொண்டிருப்பது அவசியம். நேரில் கற்க வாய்ப்பிருப்பின் தொடக்கப் பாடங்களையேனும் நேரில் கற்பதே மேல்.

இல்லத்தில் பயிற்சி

வகுப்பைவிட வீட்டுப் பயிற்சியே முக்கியம். நாளும் இருபது நிமிடம் போதும். வாரத்திற்கு ஒருநாள் இரண்டு மணி நேரம் பாடுவது பயன் தராது. காலையில் நீராடி, வெந்நீர் சிறிது பருகி, சுருதியோடு ஷட்ஜத்தை மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்திப் பாடுதல் நல்ல தொடக்கம். தரையில் அமர இயலாதோர் நாற்காலியில் முதுகு நிமிர்ந்து அமரலாம். அதில் குறையேதும் இல்லை. ஆசிரியர் இசைவோடு பாடத்தைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்வது மறதிக்கு மருந்து.

தொண்டை வலித்தால் அன்று பாடாமல் கேட்டுக்கொண்டிருப்பதே பயிற்சி. குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் கைவைத்தியத்தோடு நில்லாமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரைக் காண வேண்டும். அண்மையில் கண் அறுவையோ குடலிறக்க அறுவையோ செய்துகொண்டோர், உரத்துப் பாடுமுன் மருத்துவரின் அனுமதி பெறுதல் நலம்.

வீட்டில் ஒருவர் பாடக் கற்கும்போது மற்றவர் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த இருபது நிமிடம் தொலைக்காட்சியை நிறுத்தி வைப்பதுதான். கேலி ஒன்று, அது அன்பான கேலியே ஆயினும், ஐம்பதாண்டுக் கூச்சத்தை மீண்டும் தொண்டைக்குள் தள்ளிவிடும்.

ஓராண்டு முடிவில்

ஒழுங்காகப் பயின்றால், ஓராண்டு முடிவில் வரிசைகளும், அலங்காரங்களுட் சிலவும், ஓரிரு கீதங்களும், ஐந்தாறு எளிய பாடல்களும் கைவரும் என எதிர்பார்க்கலாம். சிலர்க்கு இதினும் குறையலாம். கச்சேரிக்குரிய குரலும் விரைந்த பிருகாக்களும் வருமென எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் எதிர்பாராத ஒன்று நிகழும்: செவி திறந்துவிடும். விடியலில் கோயிலிலிருந்து வரும் நாகஸ்வரம் பூபாளம் என்று தெரியும். பள்ளியறை வேளையின் நீலாம்பரி தெரியும். முன்பு சேர்ந்து ஒலித்த ஓசை, இப்போது ஸ்வரம் ஸ்வரமாகப் பிரிந்து கேட்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் திருப்பதியம் பாட நாற்பத்தெட்டுப் பிடாரர்களையும், உடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்க ஏற்பாடு செய்த செய்தி அக்கோயிற் கல்வெட்டில் உள்ளது. அந்த ஐம்பதின்மரும் பாடவும் வாசிக்கவும் நியமிக்கப்பட்டது பெருவுடையார் திருமுன் நாள்தோறும் நிகழும் வழிபாட்டிற்காக. மூத்தோரின் பாட்டும் அவ்வகையைச் சேர்ந்ததே. நான்கு கட்டையில், நடுங்கும் குரலில், மூச்சுக்கு இடைவிட்டுப் பாடப்படும் ஒரு பாடலும் தினந்தோறும் பூஜையில் சமர்ப்பிக்கப்படும்போது அது நிவேதனம்.

வரும் விஜயதசமி வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நல்லநாள் ஒன்று பார்த்து, விநாயகரை வணங்கி, அருகிலுள்ள ஆசிரியரிடமோ ஓதுவாரிடமோ தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு சென்று தொடங்கலாம். சந்நிதியில் அசைந்துகொண்டிருக்கும் உதடுகளிலிருந்து குரல் எழும் நாளை அந்தத் தொடக்கம் அருகில் கொண்டுவரும்.